கோபக்காரியை நம்பி ஆடிய த்ரோபால் ஃபைனல்

வேகமாக வரும் த்ரோபாலைப் பிடித்தால் உள்ளங்கை சுரீரென்று எரியும்... அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனால் செம்மண்ணும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை. எனக்குத் தொண்ணூறுகளின் பெங்களூர் என்றால் அதுதான்!

அப்போது ஆஸ்டின் டவுனில் வீடு. ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில், அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை முடிந்ததும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடுவோம். ஏழு பேர் ஆடும் ஆட்டம். எங்கள் டீமில் இருந்ததே ஏழு பேர்தான்! கேப்டன் சுகுணா, பேக்கிங் செக்‌ஷன், என் வயதுக்காரி.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு பாயிண்ட் போனால் போதும், அடுத்த பந்தை வெறியோடு எறிவேன். அது கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் விழும். கம்பெனிகளுக்கு இடையே நடந்த டோர்னமெண்டில், செமி ஃபைனலில் அம்பயரிடமே எகிறிவிட்டேன்.

"இன்னொரு தடவ வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன்மா" என்றார் அவர்.

நான் வெளியே போனால் மாற்று ஆள் கிடையாது. ஆறு பேராக ஆடி ஜெயிக்கவா முடியும்? "கோமதிய உட்கார வெச்சிட்டு வேற யாரையாச்சும் தேத்திக்கோ" என்று ஆபீஸில் ஆளாளுக்கு சுகுணாவிடம் அட்வைஸ். கேட்டு அழுகை வந்தது... அழுகை வந்ததற்கும் கோபம் வந்தது!

ஃபைனல் அன்று நெட் கட்டிக்கொண்டிருக்கும்போது சுகுணா என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

"கோமு, அவளுங்க எல்லா பாலும் உன் மேலதான் போடுவாளுங்க. உனக்குக் கோவம் வந்தா ஆட்டம் போயிடும்னு அவளுங்களுக்குத் தெரியும். அதனால நீ கோவப்படு."

"என்னடி உளர்ற?"

"கோவம் வந்த மாதிரி நடிடி! பால் எங்க வரும்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்ல?"

நடித்தேன் பாருங்கள்! முறைத்தேன், முணுமுணுத்தேன், தரையை உதைத்தேன். எதிர் டீம் கேப்டன் நெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "ஏன் மேடம், முக கெம்பாய்த்தா?" என்று கன்னடத்தில் சீண்டினாள். முகம் சிவந்துவிட்டதா என்று கேட்கிறாளாம். இன்னும் கொஞ்சம் சிவக்க வைத்துக் காட்டினேன்.

பந்து என்னிடமே வந்தது, மறுபடி மறுபடி. ஒவ்வொன்றையும் லட்டு மாதிரி பிடித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், உள்ளே கோபமே இல்லை! அடுத்து எப்படி முறைப்பது என்று யோசிக்கும் மும்முரத்தில் நிஜக் கோபத்துக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஆளுக்கொரு கேம். மூன்றாவதில் எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்தான் வேண்டும். சுகுணா எறிந்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அம்பயர் "அவுட்" என்றார்.

அவ்வளவுதான். நிஜக் கோபம், உச்சந்தலை வரை... வாயைத் திறந்தேவிட்டேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பயந்துபோய் என்னையே பார்க்கிறார்கள்.

சுகுணா மட்டும் கத்தினாள். "சூப்பர் கோமு! அப்படித்தான், நல்லா நடி!"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வாயை மூடினேன். இவளுக்கு வெறி பிடித்துவிட்டது என்று எதிர் டீம்காரிகள் முடிவே கட்டிவிட்டார்கள் போல. கொஞ்ச நேரத்தில் பந்து நேராக என் மேல். நான் பலமாகத்தான் எறிவேன் என்று மொத்தப் பேரும் பின்கோட்டுக்கு ஓடினார்கள்.

பிடித்தேன். நெட்டைத் தாண்டி, பூ மாதிரி, அந்தப் பக்கம் போட்டேன்.

அங்கே ஒரு ஆள்கூட இல்லை!

விசில்... கூச்சல்... சுகுணா என் முதுகில் ஏறிவிட்டாள். இருவரும் மண்ணில் உருண்டோம். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதே இல்லை!

இப்போது வைட்ஃபீல்டில் அபார்ட்மெண்ட். மகள் கீழே உள்ள கோர்ட்டில் பேட்மிண்டன் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய கோச் மைண்ட்செட், ப்ரீத்திங் என்று அழகாகச் சொல்லிக்கொடுக்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மேட்சில் அவள் அடித்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததை அவுட் என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பாயிண்டுக்குப் போய்விட்டாள். கேட்டால், "இட்ஸ் ஓகேம்மா, கேம்தானே?"

அவளுக்கு ஓகேதான். வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது நான். சூப்பர் கோமு, நல்லா நடி என்று கத்தத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.