அபிஷேகக் கூட்டத்தின் போர்வைக்காரி

எங்கள் சபையில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்காத ஒரே ஆள் நான்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை. நாற்பது பேர் இருந்த சபையில் முப்பத்தொன்பது பேர் விழுந்தாகிவிட்டது. பாஸ்டர் விரலில் எண்ணெய் தொட்டு நெற்றியில் வைத்து, கையால் அழுத்தி ஜெபித்தால் போதும், ஒவ்வொருவராகச் சாய்வார்கள். சிலர் அழுவார்கள், சிலர் யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுவார்கள். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் சிரித்துக்கொண்டே சுவர்வரைக்கும் உருண்டு போவார்.

என் முறை வரும். பாஸ்டர் அழுத்துவார், நான் நிற்பேன். இன்னும் அழுத்துவார். எண்ணெய் மூக்கு வழியாக வழிந்து வாய்க்குள் போகும், அப்போதும் நிற்பேன். பின்னால் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிஸ்டர்களும் கை கடுத்துப்போய்த் தொங்கவிட்டுவிடுவார்கள்.

கடைசியில் பாஸ்டரம்மா ஒரு முடிவு சொன்னார். "நீங்க எப்படியும் நின்னுக்கிட்டுதானே இருக்கப் போறீங்க சிஸ்டர்? போர்வைய நீங்களே பாத்துக்கங்க."

விழுகிற பெண்களின் புடவை விலகிவிடக் கூடாது என்று கழுத்திலிருந்து கால்வரை போர்த்துவது எங்கள் வழக்கம். அதற்கென்று நீலக்கட்டம் போட்ட போர்வைகள் நாலு இருந்தன. நான் போர்வைக்காரியானேன். யாருக்கும் கிடைக்காத ஒரு படிப்பு அதில் எனக்குக் கிடைத்தது. அபிஷேகத்தில் விழுகிறவர்களுக்கு முதலில் முட்டி மடங்கும். இடது கை முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் நடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், என் நாக்கு அழுகிவிடும். ஆனால் விழுகிற விதம் ஒன்று உண்டு, அது எனக்கு அத்துப்படி.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்சாதி, எப்போதும் வலது பக்கம்தான் விழுவாள். அந்தப் பக்கம்தான் ஃபேன்.

அவளும் நானும் பேசி இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு போர்ஷன், நடுவில் ஒரே அடிபம்பு. சண்டை எப்படி வந்தது தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பு சொல்லச் சொன்னபோது இவள் எழுந்து, "எங்க அக்காவுக்குக் கோவம் ரொம்ப ஜாஸ்தி. எல்லாரும் அவங்களுக்காக ஜெபம் பண்ணிக்கங்க" என்றாள். மைக்கில்! சபை இருப்பது மாடியில், கீழே அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். சபை முழுக்கக் கண்ணை மூடி என் கோபத்துக்காகக் கதறியது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜெபமெல்லாம் எந்த மூலைக்கு?

அன்றிலிருந்து இரண்டு பேரும் பம்பிடம்தான் பேசினோம்.

"பம்பே, கொஞ்சம் சீக்கிரம் விட்டா நல்லாருக்கும். புள்ளைக்குச் சோறு கட்டணும்" என்பாள் அவள்.

"பம்பே, அவசரம்னா முன்னாடியே எழுந்துக்கணும்னு சொல்லு" என்பேன் நான்.

சபையில் அவள் விழும்போது போர்த்த வேண்டியதும் நான்தான். எல்லாருக்கும் கழுத்துவரை போர்த்துவேன். அவளுக்கு மட்டும் முகத்தையும் சேர்த்து மூடிவிடுவேன். உள்ளேயிருந்து புஸ்புஸ்ஸென்று மூச்சு வரும். அதில் எனக்கு ஒரு திருப்தி. அற்பத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் அழுகை வரும். ஆண்டவருக்கு எல்லாரும் வேண்டும், நான் மட்டும் வேண்டாமா? இந்தக் கேள்வி அரிசி களையும்போதும் வரும், துணி பிழியும்போதும் வரும். அந்தச் சமயத்தில்தான் பாஸ்டர் ஒரு விசேஷக் கூட்டம் அறிவித்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெரிய தேவ ஊழியர் வருகிறார், மூன்று நாள் உபவாசம், மூன்றாம் நாள் அபிஷேகம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் உங்களுக்குக் கெடைக்கலைனா உள்ள ஏதோ பெரிய தடை இருக்குனு அர்த்தம் சிஸ்டர்" என்றார். ஒரு வேளை மட்டும் டீ குடித்து உபவாசம் இருந்தேன்.

தேதி குறித்தது எங்கள் சபைக் காலண்டரைப் பார்த்து. அதில் தினம் ஒரு வசனம் இருக்கும், பௌர்ணமி இருக்காது. அன்று பௌர்ணமி என்று ஊருக்கே தெரிந்த விஷயம் எங்கள் நாற்பது பேருக்குத் தெரியாமல் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் மாடி ஜன்னலைத் திறந்தால் ரோடே தெரியவில்லை, தலைகள்தான். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். பத்து மணிக்கு வரவேண்டிய ஊழியர் பதினொன்றுக்கும் வரவில்லை, ஒன்றுக்கும் வரவில்லை. பாடின பாட்டையே நாலு சுற்று பாடினோம். குரல் போய்விட்டது.

மூன்றரைக்கு வந்தார். வெள்ளை ஜிப்பா முழுக்கப் புழுதி, காலில் செருப்பு இல்லை, தோளில் ஒரு பை.

"செங்கம் ரோட்டுலயே எறக்கி விட்டுட்டாங்க பாஸ்டர். வழி கேட்டேன். கூடவே வாங்க சாமி, போய்ச் சேந்துடலாம்னாங்க. நடக்கறேன், நடக்கறேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மலை! அடி அண்ணாமலை கிட்டத்தான் சந்தேகம் வந்து சர்ச் எங்கன்னு கேட்டேன். பின்னால விட்டுட்டீங்க, ஆனா திரும்பி நடக்கக் கூடாது, முன்னாலயே போங்க, வந்துடும்னாங்க."

ஆக, பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்துக்கொண்டு எங்கள் ஊழியர் அபிஷேகம் கொடுக்க வந்து சேர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பு இல்லை.

பாஸ்டர் என்னைத்தான் முதலில் நிறுத்தினார். ஊழியர் எண்ணெய் வைத்து, என் தலையில் கை வைத்தார். அழுத்தினாரா, நின்று களைத்து என்மேல் சாய்ந்துகொண்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கொஞ்சம் நகர்ந்திருந்தால் அவர்தான் விழுந்திருப்பார். கிட்டத்தில் வந்தபோது அவர் பையிலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணத்தது.

"நீங்க ரொம்ப ஸ்திரமா இருக்கீங்க சிஸ்டர்" என்று கையை எடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். முடிந்தது. போய்ப் போர்வையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஓரகத்தி. ஊழியர் கையைத் தூக்கினார், இன்னும் தொடவில்லை. அதற்குள் இவள் விழுந்தாள். முட்டி மடங்கவில்லை. முந்தானையைப் பிடிக்கவில்லை. இடது பக்கம், ஃபேன் இல்லாத பக்கம், டொம்மென்று.

"கையே வைக்கல! என்னா வல்லமை!" என்று சபை எழும்பிக் கை தட்டியது. அல்லேலூயா கூரையைப் பிய்த்தது.

"ஐயோ, நிறுத்துங்க! இது அபிஷேகம் இல்ல, மயக்கம்!" என்று கத்தினேன். போர்வை எங்கே போனதோ, அவள் தலை என் மடியில் இருந்தது. "ஏய், கண்ணத் தொறடி! இங்க பாருடி!"

"சிஸ்டர், ஆவியானவரத் தடை பண்ணாதீங்க" என்றார் பாஸ்டரம்மா.

"சும்மா இருங்கம்மா! தண்ணி கொண்டாங்க மொதல்ல!"

முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண் திறந்தாள். கை ஐஸாக இருந்தது. உடனே ஏதாவது இனிப்பாகக் கொடுக்க வேண்டும். உபவாசக் கூட்டத்தில் இனிப்புக்கு எங்கே போவது? நான் ஊழியரைப் பார்த்தேன்.

"ஐயா, பையில இருக்கறத எடுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அது வந்து... வழியில குடுத்தாங்க. பாசமா குடுத்தாங்க, வேணாம்னா மனசு நோகுமேன்னு..."

இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். சர்க்கரைப் பொங்கல்.

"சாமிக்குப் படைச்சதாச்சே!" என்றார் பாஸ்டர், நெஞ்சில் கை வைத்து. கீழே ரோட்டில் போகிறவர்களின் அரோகரா மட்டும் கேட்டது.

ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார். "குடுங்க சிஸ்டர். பாதிய வழியிலயே நான் தின்னுட்டேன்."

ஊட்டினேன். இரண்டு வாய் விழுங்கியதும் ஓரகத்தி என்னையே பார்த்தாள்.

"அக்கா, பேசிட்டீங்களா?"

"பச்சத் தண்ணிகூட குடிக்கலியாடி நீ? யாரு உன்ன இப்படி இருக்கச் சொன்னது?"

"உங்களுக்காகத்தான் இருந்தேன்" என்றாள். "அன்னிக்கு மைக்ல அப்படிச் சொல்லிட்டேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. உங்களுக்கு அபிஷேகம் கெடைச்சிட்டா சந்தோஷத்துல என்ன மன்னிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் அவள் முகத்தை எத்தனை தடவை மூடியிருப்பேன்! அந்தப் புஸ்புஸ்ஸென்ற மூச்சு காதில் கேட்டது. வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கு இன்னும் தண்ணீர் எடுக்கலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டிகள் மடங்கிவிட்டன. யாரும் கை வைக்கவில்லை, யாரும் பின்னால் தாங்கவும் இல்லை, அப்படியே பக்கத்தில் சரிந்தேன். வாய் விட்டு அழுதேன். நெஞ்சிலிருந்த ஏதோ ஒன்று கழன்று போவது எனக்கே தெரிந்தது.

பாஸ்டர் குனிந்து பார்த்து, "இது அபிஷேகமா, மயக்கமா?" என்று எல்லாரையும் கேட்டார். அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆளான நான் கீழே கிடந்தேன்.

ஓரகத்திதான் எழுந்து உட்கார்ந்தாள். பொங்கல் ஒட்டிய கையோடு போர்வையைத் தேடி இழுத்தாள். "காலு தெரியுதுக்கா" என்று கடிந்துகொண்டே பாதத்திலிருந்து ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு வந்தாள். கழுத்துவரைக்கும் வந்ததும் நிறுத்தினாள். முகத்தை மூடவில்லை.