இடது காதில் கேட்ட குரல்

டெல்லியில், துவாரகா போகும் மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழர், ஜனவரிக் குளிரிலும் குல்லாயை இடது காதுக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். அந்தக் காதில்தான் கர்த்தர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தாராம். சபையில் பல வருடம் அதையே சாட்சியாகச் சொன்னார். மூளையில் வரும் வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை போட்டதும் குரல் நின்றுவிட்டது.

“அந்தக் குரல் இல்லாம நான் யாரு சார்? மாத்திரையை நிறுத்திட்டேன். பாஸ்டரை நம்பிச் சொன்னேன். அவர் என் வீட்டம்மாகிட்ட போட்டுக் குடுத்துட்டார்.”

“உங்க நல்லதுக்குத்தானே?”

“அச்சா! இப்ப தினமும் அவ முன்னால முழுங்கிட்டு, எல்கேஜி பிள்ளையாட்டம் வாயைத் திறந்து காட்டறேன். சபையில சுகமாயிட்டேன்னு கைதட்டறாங்க.”

பெயரைக் கேட்டேன். என்னையே பார்த்துவிட்டு, சொல்லாமல் இறங்கிப் போனார். என்மீது அவநம்பிக்கையா, அந்தப் பெயரைச் சொல்லி இனி மனிதர்கள் அழைக்க வேண்டாம் என்பதா, தெரியவில்லை.