மாக்கல் அம்மி

நவரெத்தினம் பெண்சாதியோடு கொழுவிச் சண்டைபிடித்து ஊரைவிட்டு ஓடினான் என்று கதைக்காதேங்கோ, பொய். அவன் அம்மி கொத்துகிறவன். கைவருத்தத்தால் கருங்கல் கொத்த ஏலாமல், மகள் லக்சனாவின் கலியாணத்துக்கு நகம் பட்டாலே தூளாகும் மாக்கல்லில் அம்மி செய்தான். மணவறையில் மிதிக்க மட்டும்தானே என்று நினைத்தான். அது மகளோடு மூதூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போக, அவர்கள் அதிலேயே அவளைச் சம்பல் அரைக்கவிட்டார்கள், சம்பலெல்லாம் கல்லுத்தூள். "ஊத்தைச் சமையல்காரி" என்று பிள்ளையை மாமியார் ஏசினாளாம். கேட்ட நாள்முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீங்கின கையாலேயே கருங்கல்லில் வேறு அம்மி கொத்தினான்.

"ஆரிட்டையும் குடுத்து விடன்ரா," என்றேன்.

"கல்லு கதைக்காது, ஆச்சி. பிழை என்ரை எண்டு நான்தான் சொல்லோணும்."

அம்மியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூதூர் போக வாசல் தாண்டினான்.