மாமாவின் கள்ளநடை

என் அக்கா வீட்டுக்காரரை யாராவது அப்பாவி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்ததை நான் மறந்து தொலைத்தால்தானே அவரை அப்பாவி என்று ஒத்துக்கொள்ள முடியும்?

மாமாவுக்கு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் வேலை. படம் பிடிக்கும்போது நடிகர்கள் பேசுவது மட்டும்தான் ஒழுங்காகப் பதிவாகுமாம். நடக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், கன்னத்தில் விழுகிற அறை, இதையெல்லாம் பிறகு ஒரு ஆள் திரையைப் பார்த்துக்கொண்டே மைக் முன்னால் செய்ய வேண்டும். அந்த ஆள்தான் மாமா. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு வாய்த்ததெல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். கல்யாணமானவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஜொள்ளு விடுவான். மனைவி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எதிர்வீட்டுக்குப் போவான், கட்டிலுக்கடியில் ஒளிவான், கால்சட்டை இல்லாமல் தெருவில் ஓடுவான், கடைசியில் மனைவி காலில் விழுவான். இப்படி நாற்பது படம். நாற்பதிலும் காலில் விழும்போது வருகிற 'தொப்' மாமாவுடைய முழங்கால்.

அவர் சாமான்களைப் பார்த்தால் வயிறு புண்ணாகச் சிரிக்கலாம். கிரீச்சிடுகிற கட்டில் ஒன்று வைத்திருக்கிறார். இதற்கு யாரும் எண்ணெய் விடக்கூடாது என்று அதன் தலைமாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். எதிர்வீட்டுப் பெண் ஒயிலாக நடந்து வருவதற்குக் குதிகால் உயர்ந்த செருப்பு, மாமாவின் கால் அளவுக்கென்றே தனியாகச் செய்தது. மீசையும் தொப்பையுமாக அந்தச் செருப்பில் அவர் நடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. முத்தத்துக்கு மட்டும் சாமான் கிடையாது. தன் இடது கையில் தானே உதட்டை வைத்து இழுக்க வேண்டும். பெரிய முத்தக் காட்சி வந்த வாரம் கையெல்லாம் வட்டம் வட்டமாகச் சிவந்திருக்கும்.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் பார்வைக்கே பாதி வகுப்பு அடங்கும். கல்யாணமான புதிதில் மாமா பயந்துபோய், குழந்தைகள் படத்துக்கு மிருகங்களின் சத்தம் போடுகிறேன் என்று சொல்லிவைத்தார். சொன்ன பொய்யை விட முடியாமல், மாதம் ஒருமுறை வீட்டில் யானை மாதிரிப் பிளிறியும் காட்டினார். கையில் சிவப்பு என்னவென்று கேட்டால், மேஜையில் இடித்துக்கொண்டேன் என்பார். இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே கை.

ஊரான் ஆசைக்கெல்லாம் சத்தம் போட்டுப் போட்டு, ஐம்பத்தோராவது வயதில் மாமாவுக்கே அந்த நமைச்சல் வந்துவிட்டது. என் ஸ்கூட்டர் பட்டறையில் பழைய டயர்மேல் உட்கார்ந்து ஒருநாள் புலம்பினார்.

"நாப்பது படத்துக்கு முத்தம் குடுத்திருக்கேன் மாப்ள. எல்லாமே என் கைக்குத்தான்."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. மனிதர் உண்மையிலேயே நொந்துபோயிருந்தார்.

அந்தப் படங்களில் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கிற டப்பிங் அம்மா ஒருவர் உண்டு. தேன் குழைத்த குரல். அவர் ஒரு வெள்ளிக்கிழமை மாமாவிடம் வந்து, உங்களிடம் தனியாக ஒரு உதவி கேட்க வேண்டும், ஞாயிறு நாலு மணிக்குக் கடைத்தெரு பேக்கரிக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை தலைக்கும் மீசைக்கும் சாயம் அடித்துக்கொண்டார். ஞாயிறு ஸ்டூடியோ லீவு என்பது அக்காவுக்குத் தெரியும், அதனால் யானை, புலி எதையும் சாக்கு சொல்ல முடியாது. மதியம் அவள் படுக்கிற நேரத்தில் நைசாகக் கிளம்பி, எழுவதற்குள் திரும்பிவிடுவது என்று திட்டம்.

சென்ட் அடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விரல்நுனியில் நடந்தார். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் தப்பித்திருப்பான். ஆனால் படத்தில் புருஷன் கள்ளத்தனமாக நடக்கிற நடை தியேட்டரின் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும், அதற்குத்தான் மாமாவுக்குச் சம்பளம். பழகிய உடம்பு சும்மா இருக்குமா? ஒவ்வொரு அடிக்கும் நாக்கு தானாக 'டொக், டொக்' என்றது. வாசல் கதவுக்கு அவரே எண்ணெய் விட்டிருந்தார், அது சத்தமில்லாமல் திறந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. வாயாலேயே 'க்ரீ...ச்' என்று இழுத்தார். வெளியே போய் நின்று, தப்பித்த புருஷன் விடுகிற பெருமூச்சையும் விட்டார், ஒன்றுக்கு இரண்டாக.

உள் அறையில் அக்கா கண்ணை முழித்துக்கொண்டு படுத்தபடி படம் முழுவதையும் கேட்டுவிட்டாள். ஜன்னல் வழியாக அவர் கடைத்தெருப் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். எனக்குப் போன் செய்து ஸ்கூட்டரோடு வா என்றாள்.

கடைத்தெருவை இரண்டு சுற்று சுற்றினோம். மாமா மட்டும் கையில் கிடைக்கட்டும், சாயத்தையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிடுகிறேன் என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. இரண்டாவது சுற்றில்தான் பேசினாள்.

"போனா போகட்டும்னு விட முடியலடா. ரொம்ப வலிக்குது."

அதற்கப்புறம் நான் கத்தவில்லை.

பேக்கரிக் கண்ணாடிக்குள் சாயம் பளபளக்க மாமா உட்கார்ந்திருந்தார். எதிரில் டப்பிங் அம்மா. நான் சட்டைக் கையை மடக்கினேன். அக்கா என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் இவருடைய மனைவி, பேசிக்கொண்டிருந்ததைப் பேசுங்கள் என்றாள். மாமா முகத்தில் ஈயாடவில்லை. டப்பிங் அம்மா முகம் மட்டும் மலர்ந்தது. நீங்களே வந்தது நல்லதாகப் போயிற்று, உங்கள் அனுமதியும் வேண்டும் என்று தொடங்கினார். அவர் கணவருக்குக் கப்பலில் வேலையாம். போய் எட்டு மாதம் ஆகிறது. பதினைந்து வருடமாக அந்த மனிதரின் குறட்டையைக் கேட்டே தூங்கிப் பழகியவருக்கு இப்போது தூக்கமே வருவதில்லை. படங்களில் மாமா விடுகிற குறட்டை அச்சு அசலாக அவர் கணவருடையதைப் போலவே இருக்கிறதாம். அரை மணி நேரம் விட்டுப் பதிவு செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும். ஸ்டூடியோவில் கேட்டால் எல்லாரும் கேலி செய்வார்களே என்றுதான் தனியாகக் கூப்பிட்டாராம்.

இதற்காகவா சாயம், இதற்காகவா சென்ட்? நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்கா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, குறட்டையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது புதிதில்லை என்றாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் ஒரு படத்துக்குப் போனார்களாம். அப்படிப்பட்ட படம் என்று தெரியாமல் போனது. திரையில் புருஷன் குறட்டை விட்டதும், அக்கா வீட்டு ஞாபகத்தில் பக்கத்து இருக்கையை முழங்கையால் ஓங்கி இடித்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில் தலைமை ஆசிரியை.

"அன்னைக்கே தெரியும், யானையும் இல்ல, புலியும் இல்ல, கையில இடிச்ச மேஜையும் இல்லன்னு."

வெளியே வந்ததும் மாமா நடைபாதையிலேயே அவள் காலில் விழுந்தார். முழங்கால் 'தொப்' என்றது, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. நாற்பத்தொன்றாவது தொப். அக்கா அவரைத் தூக்கி நிறுத்தி, இடது சட்டைக் கையை மேலே தள்ளினாள். போன வாரத்து வட்டங்கள் நாலைந்து இருந்தன. அவற்றின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தக் கைக்கு இத்தனை குடுத்திருக்கீங்களே, எனக்குக் கடைசியா எப்ப குடுத்தீங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்."

மாமா திருதிருவென்று முழித்தார். யோசித்தார். அவருக்கு ஞாபகமில்லை. வீட்டில் அலுத்துப்போனது தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், வாயைத் திறந்து ஒரு சத்தமும் போட முடியாமல் நின்றார். நான் ஸ்கூட்டரைத் துடைக்கிற சாக்கில் தள்ளிப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் ஒரு முத்தக் காட்சி வந்தது. மாமா அக்காவை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். இந்த முறை கைக்கு ஓய்வு என்று அறிவித்துவிட்டு, இருவரும் மைக் முன்னால் நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவுக்காரர் இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, மீட்டர் முள் அசையவே இல்லை, ஒன்றும் கேட்கவில்லை, பேசாமல் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்றிருக்கிறார். நிஜ முத்தத்துக்குச் சத்தமே கிடையாது என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் மாமாவுக்கே தெரிந்தது. படத்தில் இப்போது வருவது மாமாவின் கைதான். ஆனால் பதிவுக்காரர் அத்தனை சொல்லியும் கேட்காமல், எதற்கும் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாமே என்று ஐந்தாவது தடவை வரைக்கும் மைக்கை விட்டு நகராதது மாமா இல்லையாம், கணக்கு டீச்சராம்.