மழையைக் கூப்பிடும் பாட்டு

ஊரே கொண்டாடும் ஓர் இசைக்குழுவுக்கு, அதன் ரசிகர்களே தாண்டிப்போகும் காதல் பாட்டு ஒன்று உண்டு. கச்சேரியில் அதைத் தொடங்கினால் பாதிக் கூட்டம் பஜ்ஜி வாங்கக் கிளம்பிவிடும். என் மனைவிக்கு அந்தப் பாட்டுதான் உயிர்.

பாட்டில் விஷயம் இவ்வளவுதான். பேருந்து நிறுத்தத்தில் அவனும் நிற்கிறான், அவளும் நிற்கிறாள். பேசத் தைரியமில்லை. மழை வந்தால் குடை நீட்டலாம் என்று சரணத்துக்குச் சரணம் மழையைக் கூப்பிடுகிறான். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. நடுவில் அவள் பேருந்து ஏறிப் போயிருந்தாலும் நமக்குத் தெரியாது. டிரம்ஸ்காரர் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் போல வாசிக்கிறார். நியாயமாகச் சொன்னால் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பாடகர் நிறுத்திவிட்டு கிடார் மட்டும் ஒலிக்கும் இடம்.

இதை வீட்டில் சொல்ல முடியாது. கிளியனூரிலிருந்து மரக்காணம் வரை காரில் அதையே கேட்டுக்கொண்டு போனோம்.

அங்கே என் மைத்துனன் குத்தகைக்கு உப்பளம் எடுத்திருக்கிறான். சீசன் முடிகிற நேரம். கடைசியாக வாரிய உப்பு வரப்போரம் மூடாமல் குவிந்து கிடந்தது. பழைய தார்ப்பாய் கிழிந்துவிட்டது. மூடுவதற்கான பனையோலை மறுநாள்தான் வரும். அதற்குள் ஒரு நல்ல மழை பெய்தால் குவியல் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். கார் நிற்பதற்குள் ஓடி வந்தான்.

"அக்கா, மொதல்ல அத நிறுத்து. குவியலு மூடாம கெடக்குது, மழையக் கூப்டுற பாட்டப் போட்டுக்கினு வர்றியே."

பாட்டுக்கு மழை வருமா என்று மனைவி கேட்டாள். வராதுதான், ஆனால் உப்பளத்தில் யாரும் மழைப் பாட்டு போடுவதில்லை என்றான். உப்பு சுமக்கும் பெண்களும் அவன் பக்கமே பேசினார்கள். ஒருத்தியின் போனில் ரிங்டோனாக மழைப் பாட்டு இருந்ததாம். மாற்றிய பிறகுதான் வேலைக்கு விட்டார்களாம்.

எந்த விமர்சகராலும் முடியாததை ஓர் உப்புக் குவியல் செய்துவிட்டது; பாட்டு நின்றது. ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் மதியம் ஓலை வந்தது. கூடவே கடல் பக்கம் வானம் கறுத்தது. ஆள் போதாததால் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓலை எடுத்துக் கொடுத்தேன். குவியலை மூடிவிட்டால் பாட்டுக்கான தடையும் நீங்கிவிடும் என்பது நன்றாகவே தெரியும். ஆனால் மைத்துனன் வானத்தையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்த முகத்துக்கு முன்னால் மெதுவாக வேலை செய்ய முடியவில்லை.

கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அவன் குவியலை ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கும் ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காரைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்கா, இப்பப் போடு. எவ்ளோ வேணாலும் கூப்டட்டும்."

மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டுப் போட்டாள். நாங்கள் எல்லோரும் நனைந்துகொண்டே கேட்டோம். பெண்களில் ஒருத்தி தாளத்துக்குத் தலையாட்டினாள்.

"எப்டி மாமா பாட்டு?" என்றான் மைத்துனன்.

மனைவி என் பதிலுக்காகக் காத்திருந்தாள். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவள் ஒலியைக் கூட்டி, முதலிலிருந்து போட்டாள்.