அரிசி மூட்டையுடன் எட்டுச் சுற்று

கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது நான் ஒரு ஏகாதசியைக்கூட விட்டதில்லை. மாதத்துக்கு இரண்டு ஏகாதசி போதாதென்று சனிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அம்மாவுக்கு இதனால் ஏக மதிப்பு. "இந்தக் காலத்துல யார் இப்படி இருக்கா, சொல்லுங்கோ" என்று எதிர்வீட்டு மாமியிடம் பூரித்துப்போவாள். பாவம், அது பெருமாளுக்காக இருந்த விரதம் இல்லை. காருக்காக இருந்தது.

திருச்சியில் நான் படித்த இன்ஜினியரிங் கல்லூரியில் மாணவர்களே ஒரு பந்தயக் கார் கட்டி, வருடா வருடம் வெளியூர்ப் போட்டிக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். கார் ஓட்ட என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், நான் நாற்பத்தைந்து கிலோ. ஓட்டுபவரின் எடை குறையக் குறைய கார் வேகமாகப் போகும். "காவிரிப் பாலத்துல பாத்துப் போம்மா, காத்தடிச்சா பறந்துடப் போற" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். மதியம் அவர்கள் கும்பலாக கேன்டீனுக்குப் போகும்போது, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்பில் காரோடு உட்கார்ந்திருப்பேன். பசிக்கும். ஆனால் அந்த ஸீட்டை என் அளவுக்குத்தான் வளைத்திருந்தார்கள். உலகத்திலேயே எனக்கென்று செய்த ஒரே இடம் அது என்று அப்போது நினைத்தேன்.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விதி மாறியது. ஓட்டுபவர் எழுபது கிலோவுக்குக் குறைவாக இருந்தால், குறைகிற எடைக்கு ஈயக்கட்டியை ஸீட்டுக்கு அருகே போல்ட் போட்டு இறுக்க வேண்டுமாம். சின்ன உடம்புக்காரர்களுக்கு மட்டும் சலுகை கிடைக்கக் கூடாதாம். நியாயம்தான். நான் பட்டினி கிடந்த ஒரு வருடம் ஒரே பக்க அறிவிப்பில் ஒன்றுமில்லாமல் போனது என்பதும் நிஜம்தான்.

ஈயம் வருவதற்குள் சோதித்துப் பார்க்க, ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றை வாங்கிவந்து என் பக்கத்தில் கட்டினார்கள். கல்லூரி மைதானத்தில் எட்டுச் சுற்று ஓட்டினேன். திருப்பத்துக்குத் திருப்பம் கார் இழுத்தது. மூட்டையிலிருந்து அரிசி சிந்தியது. எனக்கு அடுத்து, சரியாக எழுபது கிலோ இருந்த ஒரு பையன் மூட்டை இல்லாமல் அதே எட்டுச் சுற்று ஓட்டினான். அவன் இறங்கி வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். ஒல்லி என்பதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அவர்களாக வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் மானமாவது மிஞ்சும்.

கேப்டனிடம் போனேன். கடைசி வருடம் படிக்கும் சீனியர் அவர். "அண்ணா, அவனே ஓட்டட்டும்" என்றேன். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த 'சரிம்மா'வை நான் வீடு வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே சுமந்துபோனேன்.

போட்டியன்று தடுப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர் கேனோடு நின்றேன். நாங்கள் ஜெயிக்கவில்லை. திரும்பி வந்ததும், கல்லூரிக்குக் கொடுக்க அறிக்கை எழுதும் வேலையை என்னிடம் தள்ளினார்கள். அதற்காக கேப்டனின் நோட்டைப் புரட்டியபோது அந்த மைதானத்து நாள் வந்தது. சுற்று நேரங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. என் வரிசைக்கு மேலே 'அரிசியுடன்' என்று எழுதியிருந்தார். எட்டுச் சுற்றிலும் நான் அந்தப் பையனைவிடக் குறைந்த நேரத்தில் வந்திருந்தேன். எட்டிலும்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். "தெரியும்மா. உன்னைத்தான் நெனச்சிருந்தோம். நீயே வேணாம்னுட்ட. வீட்டுல ஏதாவது சொல்லியிருப்பாங்கன்னு நாங்களும் கேக்கல" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை நானே போட்டு உடைத்திருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியும் என்பதைக் காட்டிக்கொடுத்ததே அந்த விதிதான். அதையும் விரோதியாக நினைத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போனதும், "அம்மா, டிபன் வை" என்றேன்.

"இன்னிக்கு ஏகாதசியாச்சேடி."

"இனிமே எனக்கு ஏகாதசி வேண்டாம்மா."

அம்மா போய், எதிர்வீட்டு மாமி கண்ணில் படாமலிருக்க வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அப்பாவுக்குச் செய்த உப்புமாவைத் தட்டில் வைத்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டேன். கண்ணீர் தட்டில் விழுந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டிருந்தால் அன்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். பசி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து, அவள் இன்னும் கொஞ்சம் உப்புமா போட்டாள்.