மாடில்டாவும் முறுக்கு மருந்தும்

அன்றைக்குச் சாயங்காலம் மாடில்டாவுக்கு வேலை இருக்குமா, போய்விடுமா? எண்பத்தாறாம் வருசம் அது. கம்பெனிகளில் நித்தம் ஆள் குறைப்பு. மலேசியாவில், அசாம் ஜாவா ஊர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பா, பள்ளிக்கூடம் போகிற ரெண்டு தங்கச்சிகள், எல்லாருக்கும் இவள் சம்பளம்தான் சோறு. வாட்சுக்கு எண் காட்டும் கண்ணாடி செய்கிற கம்பெனியில் மருந்து நிறுக்கிற வேலை.

லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு கண்ணாடித் தகடுக்கு நடுவே திரவப் படிகம் ஊற்றுவார்கள். அதன் மூலக்கூறுகள் மேலிருந்து கீழே ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்காகத்தான் மாடில்டா துளியூண்டு ‘முறுக்கு மருந்து’ சேர்ப்பாள். அதில் இடமுறுக்கு ஒரு புட்டி, வலமுறுக்கு ஒரு புட்டி. பார்க்க ரெண்டும் ஒன்றுதான்; இடது செருப்பும் வலது செருப்பும் போலத் திருப்பம் மட்டும் வேறு. இவர்களுக்கு வேண்டியது இடமுறுக்கு.

அந்த வாரம், ரெண்டு லைனில் முதலாவது லைன் கண்ணாடியெல்லாம் மின்சாரம் கொடுத்ததும் தேமல் விழுந்த மாதிரி திட்டுத் திட்டாகிப்போனது. சூப்பர்வைசர் சிவானந்தம் நேரே மருந்து அறைக்கு வந்தார்.

“புட்டிய மாத்திட்ட. ஒத்துக்க. அஞ்சு மணிக்கு மேனேஜர்கிட்ட உன் பேரத்தான் குடுக்கப் போறேன்.”

“மாதா சத்தியமா மாத்தல சார்!”

“சத்தியம் பண்ணா கண்ணாடி சரியாயிடுமா?”

மணி நாலு.  மாடில்டா யோசித்தாள். ஒரே கலவைதானே ரெண்டு லைனுக்கும் போகிறது? ரெண்டாவது லைனில் ஒரு கண்ணாடிகூடக் கெடவில்லையே! முதல் லைனுக்கு ஓடினாள்.

அங்கே தகட்டை வெல்வெட் உருளையில் தேய்ப்பார்கள். தேய்த்த திசையில்தான் மூலக்கூறுகள் படியும். மேல் தகடு மட்டும் தலைமாடு கால்மாடாகப் போனால் தகடு ஒரு பக்கம் முறுக்கும், மருந்து மறுபக்கம் இழுக்கும். மேல் தகடுகளை நல்லம்மாள் எடுத்து நீட்ட, வயசில் மூத்த அன்னம்மா அக்கா வாங்கி உருளைக்குக் கொடுப்பாள். அந்த வாரத் தொடக்கத்தில்தான் உருளை மெஷினை நல்லம்மாளின் இடப்பக்கம் மாற்றியிருந்தார்கள்.

மாடில்டா மூச்சுவிடாமல் பார்த்தாள். நல்லம்மாள் இடது கையில் எடுக்கிறாள். வலது கைக்கு மாற்றிக் கொடுக்கிறாள். அந்த மாற்றலில் தகடு அரைச் சுற்று திரும்பிவிடுகிறது. அட பாவி மகளே!

“ஏண்டி கை மாத்துற?”

“பின்ன? பெரியவங்களுக்குப் பீச்சாங்கையால குடுப்பாங்களா? மொத நாள் அப்படிக் குடுத்துத்தான் சார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்லா.”

மேனேஜர் அறை வாசலில் சிவானந்தத்தைப் பிடித்தாள். அவர் கையில் அவள் பேர் எழுதிய தாள் இருந்தது. 

“சார், கை மாத்துறதுலதான் தகடு திரும்பிப் போவுது. சோத்துக்கையால குடுன்னு நல்லம்மாள ஏசினது நீங்கதான்.”

சிவானந்தத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. “எங்க வீட்ல அப்படித்தான் சொல்லி வளத்தாங்க,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு உள்ளே போனார். மாடில்டா வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குப் போகிற கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

கதவு திறந்தது.

“என் பேரக் குடுத்துட்டேன். நீ பஸ்ஸுக்குப் போம்மா.”

அடுத்த மாத ஆள் குறைப்பில் சிவானந்தம் பேர் இருந்தது. மாடில்டா அதே அறையில் இன்னும் பதினேழு வருசம் வேலை பார்த்தாள். அவர் பேரை யாராவது எடுத்தால் மட்டும், “எனக்குப் போகவேண்டிய வேலை அவருக்குப் போச்சு” என்று இன்றைக்கும் சொல்வாள்.